கிளாஸ்கோவில் ஆடிய வெறுங்கால்



மாரிக்காலம் கழிந்து தை பிறந்துவிட்டால், மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகள் செப்பனிடப்படுகின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு விளைகின்றது. அவ்வுப்பை வாரிக் கரை சேர்க்கும் ஆடவர் பெண்டிரின் கால்களை ஒருமுறை உற்று நோக்கியவர் எளிதில் மறவார். உவர்நீரில் ஊறி, வெடித்து, மரத்துப்போன கால்கள் அவை. அக்கால்களின் உழைப்பால் வளரும் பிள்ளைகளோ, இரும்பையிலும் சுற்றுப்புற ஊர்களிலும், ஏரி வற்றிய நாட்களில் அதன் தரையையே ஆடுகளமாக்கி, பொழுது சாயும்வரை பந்து உதைத்து மகிழ்கின்றனர். அவர்கள் அணிந்துள்ள சட்டைகளில் ஐரோப்பியக் கழகங்களின் சின்னங்களைக் காண்கிறோம். ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் அங்கே சென்று புகழ் பெற்ற வீரர்களின் பெயர்கள் அவர்கள் நாவில் ஓயாமல் ஒலிக்கின்றன.

“நைஜீரியாவிலே புழுதியில் பந்து உதைத்தவன் ஐரோப்பாவில் பேரும் பொருளும் ஈட்டுகின்றான்; நான் மட்டும் ஏன் ஈட்டலாகாது?” என்று மகன் வினவினால், தந்தை என்ன விடை கூறுவார்? “பந்து சோறு போடுமா?” என்று அதட்டும் பெற்றோர் பலர். “இருப்பதை விற்றாவது அனுப்பிவிடுவோம்” என்று துணியும் பெற்றோர் சிலர். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நல்வழி உண்டா என்பதையே இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

விளையாட்டைத் திருச்சபை என்றும் இகழ்ந்ததில்லை. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பந்தயத்தில் ஓடுவோரின் தன்னடக்கத்தை விசுவாச வாழ்வுக்கு உவமையாகக் காட்டுகின்றார். புனித தொன் போஸ்கோ தெருச் சிறுவரை ஆட்டத்தின் வழியாகவே ஆண்டவரிடம் அழைத்து வந்தார். திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் தம் இளமையில் போலந்து நாட்டு வாடோவிட்சே ஊரில் கால்பந்துக் காவலராக நின்று ஆடியவர். ஆகவே, ஆடுவது நன்றா தீதா என்பது நம் வினா அன்று. எதற்காக ஆடுகிறோம், அதனால் யார் பயன் பெறுகின்றனர் என்பவையே நம் வினாக்கள்.

இதற்கு விடை தேட, நாம் முதலில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகருக்குச் செல்ல வேண்டும். அயர்லாந்தில் கொடும் பஞ்சம் வாட்டியபோது, உயிர் பிழைக்கக் கடல் கடந்த கத்தோலிக்க ஏழைகள் பலர் அந்நகரின் கிழக்குப் பகுதியில் நெருங்கி வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்தனர். அங்கே திரு இருதயப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர் சகோதரர் வால்ஃபிரிட் என்னும் மரிஸ்ட் சபைத் துறவி. அவரும் அயர்லாந்தினரே; 1840-ஆம் ஆண்டு பிறந்து, பஞ்சத்தைத் தம் சிறு வயதிலேயே கண்டவர். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று உணர்ந்த அவர், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் பணியை மேற்கொண்டார். காமராசர் 1956-ஆம் ஆண்டு நம் மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவை வழங்கத் தொடங்கியபோது எந்த உண்மையைக் கண்டாரோ, அதே உண்மையை அத்துறவி கிளாஸ்கோவில் கண்டிருந்தார்.

உணவுக்குப் பணம் வேண்டுமே! மக்கள் கால்பந்தாட்டத்தைக் காணத் திரள்வதைச் சகோதரர் கண்டார். 1887 நவம்பர் 6 அன்று புனித மரியன்னை ஆலயத்தின் மன்றத்தில் கூடிய கூட்டத்தில் ஒரு கால்பந்துக் கழகம் நிறுவப்பட்டது. ஆட்ட நுழைவுக் கட்டணத்தால் ஏழைப் பிள்ளைகளின் உணவுப் பந்தியைத் தாங்குவது அதன் நோக்கம். ‘செல்டிக்’ என்று உலகம் இன்று அறிந்துள்ள கழகம் இவ்வாறு பிறந்ததே. 1888 மே 28 அன்று தன் முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் அணியை 5–2 என்று வென்றது. ஒன்றையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். பணம் பெருகப் பெருக அக்கழகத்தின் நோக்கமும் மாறியது. 1897-ஆம் ஆண்டு அது பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனமாயிற்று. ஏழைகளின் பந்திக்குச் சென்ற உதவியும் தேய்ந்து போயிற்று. நல்ல எண்ணத்தில் தொடங்கியதையும் பணம் எவ்வாறு திசை திருப்பும் என்பதற்கு இதுவும் ஒரு பாடமே.

இக்கழகத்தின் வாயிலில் 1936-ஆம் ஆண்டு ஓர் இந்தியர் வந்து நின்றார். அவர் பெயர் முகமது சலீம். கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில், எளிய இசுலாமியக் குடும்பத்தில் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர். மருந்துத் தொழிலில் பயிற்சி பெற்றவராயினும் அவருடைய உள்ளம் பந்திலேயே இருந்தது. பல கழகங்களில் ஆடியபின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் நிலைத்தார். ஆங்கிலேய அணிகளே வென்றுவந்த கல்கத்தா லீக் கோப்பையை 1934-ஆம் ஆண்டு அக்கழகம் வென்றது. இந்தியக் கழகம் ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டு முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அக்கோப்பை அவர்களிடமே இருந்தது. சலீம் உள்ளிட்ட வீரர்கள் பலர் அக்காலத்தில் காலணியின்றியே ஆடினர்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வழியில் சீன அணி கல்கத்தாவில் ஆடியது. அவ்வணியை எதிர்த்து ஒருமுறை ஆடிய சலீமை, அடுத்த ஆட்டத்திற்குத் தேடியபோது காணவில்லையாம். ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த ஹஷீம் என்னும் உறவினரின் அழைப்பை ஏற்று அவர் கப்பலேறிவிட்டார். அந்த உறவினரே அவரைச் செல்டிக் கழகத்தின் மேலாளர் வில்லி மேலியிடம் அழைத்துச் சென்றார். இவர் வெறுங்காலால் ஆடுபவர் என்று கேட்டபோது மேலிக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. ஆணியடித்த தடித்த காலணி அணிந்த ஸ்காட்லாந்து வீரர் நடுவே வெறுங்காலோடு ஒருவர் எவ்வாறு ஆடுவார்? ஆயினும் ஒரு வாய்ப்பு அளிப்பதில் இழப்பு இல்லை என்று எண்ணிச் சோதித்துப் பார்த்தார். சலீமின் கால் பந்தை நடத்திய விதத்தைக் கண்டதும் ஐயம் அகன்றது.

கழகத்தின் பயிற்சியாளர் மண்டியிட்டுச் சலீமின் பாதங்களில் துணிக் கட்டுகளைச் சுற்றும் புகைப்படம் ஒன்று இன்றும் உள்ளது. வெள்ளையர் ஆட்சியில் இந்தியா அடிமைப்பட்டிருந்த ஆண்டு அது. அக்காலத்தில் வெள்ளையர் ஒருவர் இந்தியர் ஒருவரின் பாதத்தைக் கையில் ஏந்தியிருக்கும் காட்சி, பெரிய வியாழன் வழிபாட்டில் பாதங்களைக் கழுவும் சடங்கைக் கண்டு பழகிய நமக்குச் சில எண்ணங்களைத் தாராதிராது.

செல்டிக் கழகத்தின் பச்சை வெள்ளைச் சட்டையை அணிந்து சலீம் இரண்டு ஆட்டங்களில் ஆடினார். இரண்டிலும் வெற்றியே கிட்டிற்று. 1936 ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணிக்கு எதிராகச் செல்டிக் 7–1 என்று வென்றபோது, அவர் கொடுத்த பந்துகள் பல கோல்களுக்கு வழி வகுத்தன. மறுநாள் செய்தித்தாள் ஒன்று அவரை இந்திய வித்தைக்காரர் என்று தலைப்பிட்டு வியந்தது. ஐரோப்பியக் கழகமொன்றின் சட்டையணிந்து ஆடிய முதல் இந்தியர் அவரே என்பர்.

அதன்பின் நிகழ்ந்ததே நம் கருத்துக்கு உரியது. சலீமுக்கு ஊர் நினைவு மேலிட்டது. இருக்குமாறு கழகத்தார் வேண்டினர். ஓர் ஆட்டம் நடத்தி வசூலில் ஒரு பங்கைத் தருவதாகவும் கூறினர். அப்பங்கை ஆட்டம் காண வந்திருந்த அனாதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுமாறு சலீம் கேட்டுக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். சகோதரர் வால்ஃபிரிட் எந்தப் பிள்ளைகளுக்காக அக்கழகத்தைத் தொடங்கினாரோ, அத்தகைய பிள்ளைகளை, கழகமே மறக்கத் தொடங்கியிருந்த காலத்தில், கடல் கடந்து வந்த இசுலாமியர் ஒருவர் நினைவில் கொண்டார். நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனை ஞாயிறு கேட்டிருக்கிறோம்! காயமுற்றவனுக்கு உதவியவன் வேற்று இனத்தான் என்று சொல்லி ஆண்டவர் தம் காலத்தவரை நாணச் செய்தார். சலீமின் செயலும் நம்மை அவ்வாறே நாணச் செய்ய வேண்டும்.

கல்கத்தா திரும்பிய சலீம் மீண்டும் தம் பழைய கழகத்தில் ஆடினார். முதுமையில் அவர் நோயுற்றபோது அவருடைய மகன் செல்டிக் கழகத்திற்கு ஒரு மடல் எழுதினார். பணம் வேண்டும் என்பதைக் காட்டிலும், தந்தையை அங்கே எவரேனும் நினைவில் வைத்துள்ளனரா என்று அறியும் ஆவலே மிகுதி. கழகம் 100 பவுன் காசோலையை அனுப்பிற்று. அதனைக் குடும்பத்தார் மாற்றிச் செலவிடாமல் நினைவுப் பொருளாகப் போற்றி வைத்தனர். 1980-ஆம் ஆண்டு சலீம் இறந்தார். இரண்டே ஆட்டங்கள், சில மாதங்கள். அவ்வளவே அவருடைய ஐரோப்பிய வாழ்வு. கணக்குப் பார்ப்போர் அதனைத் தோல்வி என்பர். ஆனால் கொடுத்தவன் என்று பெயர் பெற்றவனின் வாழ்வைத் தோல்வி என்று நாம் கூறலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வெறுங்காலின் பெருமையைப் பேசும்போது வறுமையையே பெருமை என்று எண்ணிவிடலாகாது. 1911-ஆம் ஆண்டு மோகன் பாகான் கழகம் ஆங்கிலேயப் படையணியை வென்றபோது, அவ்வணியில் காலணி அணிந்து ஆடியவர் சுதீர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே. 1948 இலண்டன் ஒலிம்பிக்கிலும் நம் வீரர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிப் பிரான்சிடம் 1–2 என்று போராடித் தோற்றனர். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிர் நிலத்தில் யுகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்ற பின்னரே காலணி கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்னில் நாம் நான்காம் இடம் பெற்றோம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தவர் நெவில் டிசூசா. ஆகவே, காலணி கொடுப்பதே அன்பு. உப்பளத்தில் நிற்கும் கால்களுக்கும் இது பொருந்தும். “பழகிய கால்தானே” என்று சொல்லி உழைப்பாளிக்கு உறையும் மருந்தும் மறுப்பது பாவம்.

இலண்டனில் அந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் தாலிமெரென் ஆவ். நாகர் இனத்தவர், பாப்திஸ்து சபைப் போதகரின் மகன். மகன் மருத்துவனாகி மக்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்பது தந்தையின் ஆவல். தந்தை இளமையிலேயே மறைந்துவிட்டார். மகன் பந்தையும் விடவில்லை, படிப்பையும் விடவில்லை. கல்கத்தாவில் ஆடிக்கொண்டே மருத்துவம் பயின்று 1950-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இலண்டனின் அர்சனல் கழகம் அவரை அழைத்ததாகவும், அவர் படிப்பை முடிக்க விரும்பி மறுத்ததாகவும் கூறுவர். பின்னர் நாகர் மண்ணில் மருத்துவராகப் பணியாற்றி, 1998-ஆம் ஆண்டு காலமானார். தந்தையின் விருப்பமும் மகனின் திறமையும் பகையாக வேண்டியதில்லை என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

பிள்ளைகள் பெரிதும் போற்றும் நைஜீரியாவையும் காண்போம். 1949-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு வந்த நைஜீரிய அணியினரும் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடியவர்களே. அவர்களில் ஒருவரான தெஸ்லிம் பலோகன், பின்னர் 1956-இல் இலண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தில் தொழில்முறை வீரரானார். நாடு திரும்பிப் பயிற்சியாளராகி, 1968 ஒலிம்பிக்கிற்கு நைஜீரிய அணியை ஆயத்தம் செய்தார். இன்று லாகோஸ் நகரில் ஓர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அடுத்த தலைமுறையில் வந்தவர் நுவான்க்வோ கானு. 1976-இல் பிறந்து, 1993-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்தில் சேர்ந்தார். 1995-இல் அக்கழகத்தோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நைஜீரியா பொன் பதக்கம் பெற்றபோது அணித்தலைவர் அவரே. அவ்வெற்றி முடிந்த கையோடு இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்தில் சேர்ந்தார். அங்கே நடந்த மருத்துவ ஆய்வில் அவருடைய இருதய வால்வில் குறை இருப்பது தெரிந்தது. இருபது வயதில், புகழின் உச்சியில், “இனி ஆட இயலாது” என்னும் சொல் காதில் விழுந்தது. அறுவை மருத்துவம் செய்துகொண்டு 1997-இல் மீண்டும் களம் கண்டார். பின்னர் அர்சனல் கழகத்தில் புகழ் பெற்றார். 2008-இல் இங்கிலாந்துக் கோப்பை இறுதியாட்டத்தில் போர்ட்ஸ்மவுத் கழகத்திற்காக வெற்றிக் கோலை அடித்தார். ஆனால் இவற்றிலும் மேலானது ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு தம் பெயரால் ஓர் இருதய அறநிலையத்தை நிறுவி, இருதய நோயுற்ற ஏழைப் பிள்ளைகளின் அறுவை மருத்துவத்திற்கு உதவத் தொடங்கினார். அப்பிள்ளைகளுள் பலர் நம் இந்திய மருத்துவமனைகளில் நலம் பெற்றுச் சென்றுள்ளனர். தம் துன்பத்தைப் பிறர் துன்பத்தை அறியும் வாயிலாக ஆக்கிக்கொண்டார் அவர்.

இவையெல்லாம் வென்றவர் கதைகள். வெல்லாதவர் கதைகளும் உண்டு, அவையே மிகுதி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, “ஐரோப்பியக் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன்” என்ற தரகர் சொல்லை நம்பிச் சென்ற சிறுவர் பலர், பாரிசு போன்ற நகரங்களில் கைவிடப்பட்டுத் தெருவில் நின்றனர். அத்தகையோருக்கு உதவவே காமரூன் நாட்டின் முன்னாள் வீரர் ழான்-குளோத் ம்புவூமின், 2000-ஆம் ஆண்டு பிரான்சில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பதினெட்டு வயது நிரம்பாதவரை ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்திற்கு மாற்றுவதைச் சில விதிவிலக்குகள் தவிர உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகள் தடுக்கின்றன.

இது தொலைவில் நடப்பது என்று எண்ண வேண்டா. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். பத்தாம் வகுப்பில் பயிலும் அவர் மகன் நன்றாகப் பந்தாடுவான். வெளிநாட்டில் தேர்வு ஆட்டத்திற்கு அழைத்துச் செல்வதாக ஒருவர் முன்பணம் கேட்டிருந்தார். “சாமி, இருக்கிற தோட்டை அடகு வைத்தாவது கொடுத்துவிடட்டுமா? பிள்ளை பிற்காலத்தில் என்னைக் குறை சொல்லக் கூடாதே” என்றார் அத்தாய். தோடு சிறியது; அதனுள் அடங்கியிருந்த அன்பு பெரியது. அந்த அன்பையே அன்றோ தரகர் விலை பேசுகின்றனர்! கொடுக்க வேண்டா என்று கூறினேன். அத்துடன் நில்லாமல், மகனையும் அழைத்து வரச் சொல்லி, நேரிய வழிகளை எடுத்துரைத்தேன். அவற்றையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலாவது, பிள்ளையின் திறமையை ஏளனம் செய்யாதீர்கள். அது ஆண்டவர் அருளிய தாலந்து; புதைத்து வைக்கத் தரப்பட்டதன்று. இரண்டாவது, படிப்பும் ஆட்டமும் இணைந்தே செல்லட்டும். ஆட்டக்காரனின் கால் முப்பத்தைந்து வயது வரை உழைத்தால் அதுவே பெரிது. ஒரு முழங்கால் காயம் அனைத்தையும் முடித்துவிடலாம். மூன்றாவது, முன்பணம் கேட்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவர்க்கென விளையாட்டு விடுதிகளை நடத்தி, தேர்வு ஆட்டங்களின் வழியே பிள்ளைகளைச் சேர்க்கின்றது. பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள். நான்காவது, மகளையும் மறவாதீர்கள். நம் மறைமாவட்டத்தைச் சார்ந்த கடலூரின் மகளான இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் ஆடிப் பெயர் பெற்றவர். தமிழ்நாடு காவல்துறையிலும் பணி பெற்றவர். தமிழக மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் தேசியக் கோப்பையை வென்றது.

இவ்வழியே சென்று கடல் கடந்தோரும் உளர். சிக்கிம் மாநிலத்துச் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த பாய்ச்சுங் பூட்டியா, பாக்யோங் புனித சவேரியார் பள்ளியில் கல்வியைத் தொடங்கியவர். ஒன்பது வயதில் விளையாட்டு உதவித்தொகை பெற்றுப் பயின்று, கல்கத்தாவில் ஆடித் தேர்ந்து, 1999-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பரி கழகத்தில் ஒப்பந்தம் பெற்றார். சலீம் ஆடிய 63 ஆண்டுகளுக்குப் பின்! ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்சு நாட்டில் பிறந்த விமல் யோகநாதன், 2024-ஆம் ஆண்டு பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணியில் ஆடினார். கதவு அடைபட்டதன்று, ஆனால் அது தரகரின் கைச்சாவியால் திறப்பதுமன்று. ஆண்டுக்கணக்கான பயிற்சியாலும் பொறுமையாலுமே திறக்கின்றது.

பிள்ளை எவ்வளவு தொலைவு செல்வான் என்பது நம் கையில் இல்லை. செல்லும் இடத்தில் அவன் எத்தகையவனாக இருப்பான் என்பதில் நமக்குப் பெரும் பங்குண்டு. இரண்டே ஆட்டங்கள் ஆடினும் அனாதையரை நினைப்பவனாக அவனை வளர்த்துவிட்டோமாயின், நாம் வளர்த்த வளர்ப்பு வீணாகாது. இவ்வாரம் ஒருநாள் செபமாலை முடிந்தபின், “உனக்கு ஆண்டவர் கொடுத்த திறமை யாது? அதனால் யாருக்கு நன்மை செய்வாய்?” என்று உங்கள் பிள்ளைகளை அன்போடு கேளுங்கள். குறுக்கே பேசாமல் அவர்கள் விடையை இறுதிவரை செவிமடுங்கள்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர், உங்கள் பிள்ளைகளின் கால்களை நல்வழியில் நடத்துவாராக.